இன்சோல் வாங்குமுன் சப்பாத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் குதிகால் வலியைப் பற்றி இந்தப் பகுதியில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் பினாங்கில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டுதான் நடமாடுகிறார்கள் போலிருக்கிறது. சுற்றி வளைத்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்த இன்சோல், அதாவது சப்பாத்துக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் தட்டு, வாங்குவது? நான் இன்சோல் செய்து பிழைக்கிறவள். பாதத்துக்கு மாவில் அச்சு எடுத்து, தட்டைச் சூடாக்கி வளைத்து, ஓரத்தை மிஷினில் தேய்த்துக் கொடுப்பது என் தொழில். அப்படியிருந்தும் கீழே பல இடங்களில் 'வேண்டாம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் படித்துவிட்டு, கடை வாடகையை இனி பத்திரிகை கட்டுமா என்று கேட்டார்.

அக்கா, பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஆப்பரேட்டராக இருக்கிறேன். 12 மணி நேர ஷிப்டு, பெரும்பாலும் நின்றுகொண்டே வேலை. ஆறு மாதமாக இடது குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் சுருக்கென்று குத்துகிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது, ஷிப்டு முடியும்போது மறுபடி வந்துவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். மாலில் ஒரு கடையில் மிஷின் மேல் நிற்கவைத்து, பாதத்தின் படத்தைச் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டி, 'அளவெடுத்துச் செய்த இன்சோல் போட்டால்தான் சரியாகும், 980 வெள்ளி' என்கிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி, சுங்கை டுவா

இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

நீங்கள் சொல்கிற அடையாளம் எல்லாம் உள்ளங்கால் நாரில் வரும் வலிக்குப் பொருந்துகிறது. டாக்டர்கள் பிளாண்டார் ஃபேசியைடிஸ் என்பார்கள். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் வேர்வரை ஓடும் கெட்டியான நார்ப்பட்டை அது. ராத்திரி முழுக்கத் தளர்ந்து சுருங்கிக் கிடந்துவிட்டு, முதல் அடியில் உங்கள் மொத்த எடையோடு இழுபடும்போதுதான் அந்தக் குத்து. எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு முளையை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வலியே இல்லாமல் நடக்கிற எத்தனையோ பேருக்கு அது இருக்கிறது. முளை இருந்த இடத்திலேயே இருக்க, வலி மட்டும் போய்விடுவதுதான் வழக்கம்.

அந்த மிஷின் படத்துக்கு வருவோம். நிற்கும்போது நம் எடை விழுவது குதிகாலிலும், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டிலும். அந்த இரண்டு இடத்திலும் சிவப்பு விழாத மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. அழுத்தம் எங்கே விழுகிறது என்று படம் காட்டும். வலி எதனால் என்று அதற்குத் தெரியாது.

1999-ல் அமெரிக்காவில் 15 மருத்துவ நிலையங்களில் உங்களைப் போன்ற குதிகால் வலிக்காரர்கள் 236 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லாரும் காலை நீட்டி இழுக்கும் பயிற்சி செய்தார்கள். சிலருக்கு அது மட்டும், மற்றவர்களுக்கு அதோடு ஏதாவது ஒரு தட்டு. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சிலிக்கான் குதிகால் திண்டு வைத்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். அளவெடுத்துச் செய்த தட்டு வைத்தவர்களில் 68 சதவீதம்தான். வெறும் பயிற்சி மட்டும் செய்தவர்களே 72 சதவீதம். பிறகு 2006-ல் ஆஸ்திரேலியாவில் 136 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். ரெடிமேட் தட்டு, அளவெடுத்த தட்டு, பெயருக்கு வைத்த ஒரு நுரைத் தட்டு, இந்த மூன்றில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். முதல் மூன்று மாதம் உண்மையான தட்டுகள் கொஞ்சம் கைகொடுத்தன. அளவெடுத்ததும் ரெடிமேடும் ஏறக்குறைய ஒரே அளவு. வருட முடிவில் மூன்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன லாபம், யோசித்துப் பாருங்கள்.

எனவே மருந்துக்கடையில் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் ரெடிமேட் தட்டு ஒன்று போதும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிப்பதைவிடக் கையால் சோதியுங்கள். குதிகால் வரும் இடம் கிண்ணம் போலக் குழிந்திருக்க வேண்டும். வளைவு வரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும், அப்படியே தரைவரை அமுங்கினால் ஒரு மாதத்தில் அப்பளம்தான். கையில் வைத்து நசுக்க நசுக்கச் சுகமாக இருக்கிற முழு ஜெல் தட்டு பெரும்பாலும் கடையில் மட்டும்தான் சுகம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அதற்கும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். ஃபேக்டரியில் உங்களுக்குக் கொடுத்திருப்பது நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் ஈ.எஸ்.டி. சப்பாத்தாக இருந்தால், அதற்குள் சாதாரண இன்சோலை நுழைக்கக் கூடாது. உங்கள் காலுக்கும் சப்பாத்துக்கும் நடுவில் அது மின்சாரத்தை மறித்துவிடும். வாசலில் இருக்கும் சோதனை மிஷினில் சிவப்பு விளக்கு எரியும், சூப்பர்வைசர் கத்துவார். ஈ.எஸ்.டி.க்கென்றே இன்சோல் இருக்கிறது, பாதுகாப்பு அதிகாரியிடம் கேளுங்கள். பிறை தொழிற்பேட்டையில் இரும்பு முனை வைத்த சேஃப்டி பூட்ஸ் போட்டு வேலை செய்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். பூட்ஸோடு வந்த தட்டை மாற்றினால் அதன் பாதுகாப்புத் தரச் சான்று செல்லாமல் போகலாம், கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இன்னொரு சங்கதி. நம் வீடுகளில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிடுகிறோம். அப்புறம் சமையல், துணி, பிள்ளைகள் என்று ராத்திரிவரை வெறுங்காலோடு டைல்ஸ் தரையில். 980 வெள்ளி இன்சோல் அந்த நேரமெல்லாம் வாசலில் சப்பாத்துக்குள் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். வலி இருக்கும் மாதங்களில் வீட்டுக்குள் போட மட்டும் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். அடி தடிமனாக, வளைவு தாங்கும் சிலிப்பராக இருக்கட்டும். சாமி அறைக்குப் போகும்போது கழற்றினால் போகிறது. என்னிடம் வருகிறவர்களில் இதை மட்டும் செய்தே பாதி குணமானவர்கள் உண்டு. மாமியார்தான் வீட்டுக்குள் செருப்பா என்று முணுமுணுப்பார், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பயிற்சி: காலையில் இறங்குமுன் கட்டிலிலேயே உட்கார்ந்து, வலிக்கிற காலை மற்ற முழங்கால் மேல் போட்டு, ஐந்து விரல்களையும் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளையுங்கள். உள்ளங்காலில் நார் கம்பியாக விறைப்பது மற்ற கையில் தட்டுப்படும். பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், பத்துத் தடவை. ஷிப்டு இடைவேளையிலும், ராத்திரியிலும் இன்னொரு முறை. இதற்குக் காசு கிடையாது, ஆனால் இன்சோலைவிட இதைத்தான் நான் நம்புகிறேன். இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் அடங்கிவிடும், அவசரப்படுத்த முடியாது. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி கட்டிப் பார்த்து, பிசியோவுக்கு எழுதி வாங்குங்கள்.

இனிப்பு நீர் வியாதி 15 வருஷமாக இருக்கும் என் அப்பாவுக்கு உள்ளங்கால் எரிச்சலும் மரமரப்பும். ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று ஆன்லைனில் முனை முனையாக இருக்கும் அக்குபிரஷர் இன்சோல் வாங்கிக் கொடுத்தேன். முதலில் வாங்கிய என் நண்பர் ஒருமணி நேரம்கூடப் போட முடியவில்லை என்றார். அப்பாவோ நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு, 'ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது' என்கிறார். தொடரலாமா?
– ஒரு மகன், புக்கிட் மெர்தாஜாம்

இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, முதலில் அதை எடுத்துக் குப்பையில் போடுங்கள் தம்பி. அப்புறம் வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் நண்பரால் ஒரு மணி நேரம் தாங்க முடியாததை உங்கள் அப்பா நாள் முழுக்கத் தாங்குகிறார் என்றால், அவர் கால் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. நரம்பு சேதி சொல்வதை நிறுத்திவிட்டது. 2023-ல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்குப்படி இந்த நாட்டில் வயதுவந்தவர்களில் சுமார் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு பெரியவர் என் கடைக்கு மகளோடு வந்தார். வலி எதுவும் இல்லை, மகள் தொந்தரவு தாங்காமல் வந்தேன் என்றார். வலது சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தேன், உள்ளிருந்து இருபது காசு நாணயம் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. காலுறையை உருவிப் பார்த்தால், பெருவிரல் மேட்டுக்குக் கீழே நாணயத்தின் விளிம்பு வட்டமாகப் பதிந்து, நடுவில் தோல் ஈரமாக வெளுத்திருந்தது. காலையில் சந்தைக்குப் போய், கோயிலுக்குப் போய், பஸ் ஏறி வந்திருக்கிறார். அன்றைக்கு அவரை இன்சோலுக்கு அளவெடுக்கவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சரியான நேரத்தில் போனதால் புண் ஆறியது.

உங்கள் அப்பாவுக்குத் தினமும் இரண்டு காரியம். போடுமுன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். ராத்திரி உள்ளங்காலை யாராவது பார்க்க வேண்டும். அவரால் குனிய முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள், மகன்தானே. சிவப்பு, கொப்புளம், காய்ப்புக்குள் கறுப்பாக ரத்தக்கட்டு, இதில் எது தெரிந்தாலும் மறுநாளே கிளினிக். ஒரு பாதம் மட்டும் சூடாக, சிவந்து, வீங்கியிருந்து வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். மரமரப்புக்கு வெந்நீரில் கால் ஊறவைப்பது, பூங்காவில் பதித்திருக்கும் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடப்பது, கால் ஆணியைப் பிளேடால் சீவுவது எல்லாம் இனி அவருக்குக் கிடையாது.

கிளினிக்கில் வருடத்துக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு 'தெரிகிறதா' என்று சொல்லச் சொல்வார்கள். சில நிமிட வேலைதான்.

அதில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று வந்தால், அப்போதுதான் அளவெடுத்துச் செய்த இன்சோலுக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. அது மேலே மென்மையான நுரையும் அடியில் கொஞ்சம் கெட்டியான நுரையுமாக, பாதம் முழுவதும் ஒட்டி உட்கார்ந்து எடையைப் பரத்திவிடுவதாக இருக்க வேண்டும். கடினமான பிளாஸ்டிக் கூடாது, பாதிப் பாதத்தில் முடிகிற ஓரம் கூடாது. அதற்கு இடம் இருக்கும்படி ஆழமான, முன்பக்கம் அகலமான, உள்ளே தையல் துருத்தாத சப்பாத்து வேண்டும். வழக்கமான சப்பாத்துக்குள் தடித்த இன்சோலைத் திணித்தால் விரல் மேல்பக்கம் உரசி, இல்லாத புண் வந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு வாங்கிய நல்ல சப்பாத்து, பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். உள்ளே 150 வெள்ளி இன்சோல். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் போனால், மண்டப வாசலில் அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இன்சோலை வேறு சப்பாத்தில் வைக்கலாமா?
– ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம்

ஏமாற்றவில்லை. பல சப்பாத்துகளின் நடு அடி பாலியூரித்தேன் என்ற நுரை. காற்றில் இருக்கும் ஈரம் மெல்ல மெல்ல அதை உள்ளுக்குள் சிதைத்துவிடும். நம் ஊரின் வெக்கையும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். அடிக்கடி போட்டு நடந்தால் தாக்குப்பிடிக்கும் சப்பாத்துகூடப் பெட்டிக்குள் பத்திரமாகக் கிடந்தால் சீக்கிரம் போய்விடும். பத்திரப்படுத்தியதுதான் வினை. போட்டுத் தேயுங்கள்.

இன்சோலை மாற்றி வைக்கலாம், அதே அகலமும் ஆழமும் இருந்தால். புதுச் சப்பாத்தோடு வந்த உள்தட்டை உருவி எடுத்துவிட்டு வையுங்கள். அதன் மேலேயே வைத்தால் குதிகால் உயர்ந்து, நடக்கும்போது சப்பாத்து கழன்று கழன்று வரும். இன்னொன்று, இன்சோல் வைத்த சப்பாத்தைக் காருக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள். நுரை சுருங்கும், பசை விடும்.

என் மகனுக்கு ஏழு வயது, முதல் வகுப்பு. நின்றால் பாதம் முழுக்கத் தரையில் ஒட்டுகிறது. அவனுக்கு வலி இல்லை, ஓடுகிறான், பந்து உதைக்கிறான். இப்போதே இன்சோல் போடாவிட்டால் முதுகு கோணிவிடும் என்று ஒரு கடையில் பயமுறுத்துகிறார்கள். 'உன் மாமனுக்கும் இப்படித்தான் இருந்தது' என்கிறார் பாட்டி.
– ஒரு தாய், குளுகோர்

பாட்டி சொல்வதுதான் சரி. குழந்தைகளின் பாதத்தில் கொழுப்புப் படிவு இருக்கும், மூட்டுகள் நெகிழ்வாக இருக்கும். வளைவு தெரிய ஆறேழு வயது, சிலருக்குப் பத்து வயதுகூட ஆகும். சிலருக்குக் கடைசிவரை தெரியாது, அவர்களும் நன்றாகத்தான் நடக்கிறார்கள்.

இன்று சாயங்காலம் அவனை வெறுங்காலோடு நுனிவிரலில் நிற்கச் சொல்லி, பின்னால் உட்கார்ந்து பாருங்கள். குதிகால் உயரும்போது உள்பக்கம் ஒரு வளைவு எழும்பினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லையென்றால் ஒரு காசு செலவழிக்க வேண்டாம். நுனிவிரலில் நின்றும் வளைவு வரவில்லை, பாதம் விறைப்பாக இருக்கிறது, வலிக்கிறது என்கிறான், அல்லது ஒரு கால் மட்டும் அப்படி என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அவனுக்கு வேண்டியது ஒழுங்கான பள்ளிச் சப்பாத்து. 2019-ல் தொடங்கிப் படிப்படியாக வெள்ளைக்குப் பதில் கறுப்புச் சப்பாத்து என்று ஆகிவிட்டதில் தாய்மார்களுக்கு வெள்ளை பூசும் வேலை மிச்சம். ஆனால் 'வளர்கிற பிள்ளை' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முன்னால் பஞ்சு அடைத்து அனுப்பும் பழக்கம் போகவில்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் போதும். குதிகால் பகுதி கையால் அழுத்தினால் நசுங்கக் கூடாது. சப்பாத்தை வளைத்துப் பார்த்தால் விரல் மடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெரியவர்களுக்கும் இதே சோதனைதான்.

இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு ஒன்று. உங்களில் யாருக்காவது ஐம்பதை ஒட்டிய வயதில் ஒரு பாதம் மட்டும் புதிதாகத் தட்டையாகி, கணுக்காலின் உள்பக்கம் வீங்கி வலித்து, அந்த ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்ப முடியவில்லை என்றால் அது பிள்ளையின் தட்டைப் பாதம் போல விட்டுவிடக் கூடியதல்ல. வளைவைத் தாங்கும் தசைநார் பழுதாகிறது. அதற்குச் சீக்கிரமே கெட்டியான இன்சோலோ, கணுக்காலைப் பிடித்துத் தாங்கும் கருவியோ தேவைப்படும். தள்ளிப்போட்டால் அறுவை சிகிச்சைவரை போகும்.

பினாங்கு ஸ்திரீட்டில் சேலைக் கடையில் வேலை. முன்பாதத்தில், மூன்றாவது நாலாவது விரலுக்கு நடுவில் கூழாங்கல்லை மிதிப்பது போல ஓர் உணர்ச்சி. சில சமயம் விரல்களுக்குள் மின்சாரம் பாய்கிறது. சப்பாத்தைக் கழற்றிப் பிசைந்துவிட்டால் சரியாகிறது. குதிகாலுக்கு விற்கும் ஜெல் தட்டு வாங்கி வைத்தேன், பலனில்லை.
– ஒரு வாசகி, ஜார்ஜ் டவுன்

வலிப்பது முன்னால், திண்டு வைத்தது பின்னால், எப்படிம்மா பலன் வரும்? அந்த இரண்டு விரல்களின் எலும்புகளுக்கு நடுவே ஓடும் நரம்பு நசுங்கித் தடிப்பதால் வருவது போலத் தெரிகிறது. கிளினிக்கில் ஒருமுறை அமுக்கிப் பார்க்கச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். கடையில் கட்டாயம் என்று போடுகிற அந்த முனை குறுகிய கறுப்புச் சப்பாத்துதான் முதல் சந்தேகம். ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் பாதத்தை வரைந்து, சப்பாத்தை அதன் மேல் வையுங்கள். பாதக் கோடு சப்பாத்துக்கு வெளியே தெரிந்தால் எந்த இன்சோலும் உதவாது. முன்பக்கம் அகலமான, குதி உயரமில்லாத ஜோடிக்கு மாறுங்கள். முதலாளியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அதற்கு மேல் வேண்டுமானால் சொட்டு வடிவில் சின்னத் திண்டு கிடைக்கும், ஒட்டிக்கொள்ளலாம், விலை அதிகமில்லை. எங்கே ஒட்டுவது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். வலிக்கிற இடத்துக்கு நேரே ஒட்டினால் வலி கூடும். வலிக்கிற புள்ளியில் லிப்ஸ்டிக்கைத் தடவிக்கொண்டு, வெறுங்காலைச் சப்பாத்துக்குள் விட்டு எழுந்து நில்லுங்கள். உள்தட்டில் சிவப்புப் புள்ளி பதியும். திண்டின் அகன்ற பக்கம் விரல்களைப் பார்த்திருக்க, அதன் முன் விளிம்பு அந்தப் புள்ளிக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வரும்படி ஒட்டுங்கள். எலும்புகளுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து அவற்றை லேசாக விரிப்பதுதான் அதன் வேலை. முதல் நாள் ஏதோ உறுத்துவது போல இருக்கும். அரை விரற்கடை முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள், அந்தச் சின்ன நகர்த்தலில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய லிப்ஸ்டிக் போதும், புதிதை வீணாக்காதீர்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டுதல். வெறுங்காலில்தான் நடக்க வேண்டும். எனக்குக் குதிகால் நார் வலி. இன்சோல் வைத்த செருப்புப் போட்டு நடந்தால் வேண்டுதல் நிறைவேறுமா?
– ஒரு பக்தர், பட்டர்வொர்த்

நிறைவேறுமா என்பதைக் குருக்களிடம்தான் கேட்க வேண்டும், என் அதிகாரம் கணுக்காலோடு முடிகிறது. வெறுங்காலோடு போவதென்றால் என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

வெறுங்காலிலும் உதவுகிற ஒன்று இருக்கிறது, பட்டை ஒட்டுவது. விளையாட்டு வீரர்களுக்கு ஒட்டும் நீளாத பட்டையைக் குதிகாலைச் சுற்றியும் உள்ளங்காலுக்குக் குறுக்காகவும் இழுத்து ஒட்டினால், நாரின் மேல் விழும் இழுப்பு கொஞ்ச நாளைக்குக் குறையும். பிசியோவிடம் தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பே போய் ஒருமுறை ஒட்டிப் பார்த்து, தோல் தடிக்கிறதா என்று தெரிந்துகொண்டு, பால்குடத்துக்கு முந்தின நாள் மறுபடி ஒட்டிக்கொள்ளுங்கள். அன்றைக்கே முதன்முதலாக ஒட்டிப் பரீட்சை பார்க்க வேண்டாம்.

விரதம் தொடங்கும் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெறுங்காலில் நடந்து பழகுங்கள். வருடம் முழுக்கச் சப்பாத்துக்குள் இருந்த கால் ஒரே நாளில் தார்ச்சாலையில் இறங்கினால் கோபித்துக்கொள்ளும். அதிகாலையில் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் தார் சுடும், அதற்கு எந்தப் பட்டையும் உதவாது. ரதத்துக்கு முன்னால் உடைத்த தேங்காய்ச் சில்லுகள் சாலை ஓரத்தில் கிடக்கும், கண் கீழேயும் இருக்கட்டும். மேலே 513 படி. ஏறும்போது முன்பாதத்தை மட்டும் படி விளிம்பில் வைத்துக் குதிகாலைத் தொங்கவிடாமல், முழுப் பாதத்தையும் படியில் வைத்து ஏறுங்கள். நார் படும் பாடு குறையும். இறங்கி வந்ததும் செருப்பைக் கையோடு கொண்டுவர யாரையாவது நிறுத்தி வையுங்கள்.

உங்களுக்கு இனிப்பு நீர் இருந்து கால் மரத்துப்போகும் என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. டாக்டரைக் கேட்காமல் வெறுங்காலில் இறங்காதீர்கள்.

அளவெடுத்துச் செய்த புது இன்சோல் போட்ட மூன்றாம் நாளே முழங்கால் வலிக்கிறது. பழகிவிடும் என்கிறார்கள். எவ்வளவு நாள் பொறுப்பது?
– ஒரு வாசகர், பாலிக் பூலாவ்

முதல் நாளே எட்டு மணி நேரம் போட்டிருப்பீர்கள். முதல் நாள் ஒரு மணி, அடுத்த நாள் இரண்டு மணி என்று ஏற்றி, இரண்டு வாரத்தில் முழு நாளுக்கு வர வேண்டும். கெண்டைக்காலில் லேசான அசதி சகஜம். அப்படி ஏற்றியும் இரண்டு வாரத்துக்குப் பிறகு முழங்காலோ இடுப்போ வலித்தால், அல்லது வளைவின் தோல் சிவந்து கொப்புளிக்கிறது என்றால் பொறுக்கவே வேண்டாம். செய்தவரிடம் கொண்டுபோய்த் தேய்த்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, நீங்கள் கொடுத்த விலைக்குள் அடங்கியது.

அளவெடுத்துத்தான் செய்தாக வேண்டும் என்றால், நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாக் கடையிலும் 'ஸ்பெஷலிஸ்ட்' போர்டு தொங்குகிறது.
– ஒரு வாசகர், நிபோங் திபால்

போர்டைப் படிக்காதீர்கள், அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் பாதத்தைக் கையால் தொட்டாரா? மூட்டுகளை அசைத்துப் பார்த்தாரா? நடக்கவிட்டு, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார்த்தாரா? இனிப்பு நீர், பழைய அடி, என்ன வேலை, எந்தச் சப்பாத்து என்று கேட்டாரா? இதெல்லாம் இல்லாமல் மிஷின் மேல் ஏற்றி இறக்கி, விலைப் பட்டியலை நீட்டுகிறவர் விற்பனையாளர். செயற்கைக் கால், பாதத் தாங்கிகள் செய்வதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. எங்கே படித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், படித்தவர் கோபப்பட மாட்டார். திருத்தித் தருவதற்குத் தனியாகக் காசு உண்டா என்பதையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். விலை சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். பெரிய மருத்துவமனை எலும்புப் பிரிவில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் பல இடங்களில் அங்கேயே பட்டறை உண்டு, செலவு குறையும், காத்திருப்பு கூடும். வேலையிடத்தில் அடிபட்டு வந்த கோளாறு என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் விண்ணப்பிக்கலாம், சந்தா கட்டுகிறவர்களுக்கு இத்தகைய தாங்கிகளுக்கு அங்கே உதவி இருக்கிறது.

போகும்போது புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள். தினமும் போட்டுத் தேய்ந்த ஜோடியைப் பையில் எடுத்துப் போங்கள், கழுவ வேண்டாம். குதிகாலின் வெளிப்பக்க ஓரம் கொஞ்சம் தேய்ந்திருப்பது எல்லாருக்கும் உள்ளது. உள்பக்கம் தேய்ந்திருந்தாலோ, ஒரு சப்பாத்து மட்டும் அதிகம் தேய்ந்திருந்தாலோ அவருக்கு அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். சாயங்காலமாகப் போனால் இன்னும் நல்லது, அப்போதுதான் பாதம் வீங்கி முழு அளவில் இருக்கும். சப்பாத்து வாங்குவதற்கும் அதுதான் நேரம்.